நிலையமும் கதையும்: தண்டவாளம் கைவிட்ட துறை



சென்ற திங்கள் இப்பகுதியில் பாலக்காட்டுக் கணவாயைப் பற்றி எழுதியிருந்தேன். அதனைப் படித்த அன்பர் ஒருவர், "சென்னையிலிருந்து புறப்பட்ட முதல் இருப்புப்பாதை நம் கணவாயைக் கடந்து எந்த ஊரில் போய் முடிந்தது?" என்று ஓர் அஞ்சலட்டையில் கேட்டிருந்தார். வினா எளியதுபோலத் தோன்றும். அலுவலகத்தில் என்னுடன் பணிபுரிவோர் நால்வரிடம் இதனைக் கேட்டேன். ஒருவர் கோழிக்கோடு என்றார். மற்றொருவர் மங்களூர் என்றார். ஏனைய இருவரும் கொச்சி என்றனர். நால்வரும் ரயில்வே ஊழியர். நால்வர் விடையும் பிழை. அப்பாதை முடிந்த இடத்திற்கு இன்று பயணச்சீட்டு வாங்க இயலாது. ஏனெனில் அங்கு நிலையமே இல்லை.

அவ்வூரின் பெயர் பேப்பூர். கோழிக்கோட்டுக்குத் தெற்கே பத்துப் பதினொரு கிலோமீட்டர் தொலைவில், சாலியாறு அரபிக் கடலோடு கலக்கும் முகத்தில் அமைந்த சிறு துறை. 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் சென்னை ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னாட்டின் முதல் ரயில் ஓடியது. ஐந்தாண்டு கழிந்து, 1861 மார்ச் 12 அன்று, பேப்பூருக்கும் திரூருக்கும் இடையே கேரளத்தின் முதல் ரயில் ஓடியது. கிழக்கிலிருந்து ஒரு பாதையும் மேற்கிலிருந்து ஒரு பாதையுமாக ஒன்றையொன்று நோக்கி வளர்ந்து வந்து, 1862-ஆம் ஆண்டில் இணைந்தன. வங்கக் கடற்கரையில் ஏற்றிய மூட்டையை அரபிக் கடற்கரையில் இறக்கலாம் என்னும் நிலை அன்று உண்டாயிற்று. நம் பாலக்காட்டுக் கணவாய் அதற்கு வாயிலாயிற்று. பேப்பூர் அதற்குத் துறையாயிற்று.

இவ்வளவையும் அஞ்சலட்டைக்கு விடையாக எழுதி முடித்திருக்கலாம். ஆனால் அவ்வாரம் வேறொரு கடிதமும் வந்திருந்தது. அது என் அக்காள் எழுதியது. அக்காள் இடுக்கி மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பணிபுரிகிறாள். ஓய்வு பெற இன்னும் இரண்டு ஆண்டுகளே உள்ளன. ஓய்வு பெற்றால் லயத்து வீட்டை ஒப்படைக்க வேண்டும் என்பது தோட்டத்தில் வாழும் நம் குடும்பங்கள் அனைத்தும் அறிந்த வழக்கம். "தம்பி, உன் மருமகன் பிளஸ் டூ முடித்துவிட்டான். தோட்டத்தில் பெயர் பதிந்துகொண்டால் வீடு நம் கையில் நிற்கும். அவனோ தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்ந்து வெல்டிங் படிக்க வேண்டும் என்கிறான். நீதான் புத்தி சொல்ல வேண்டும்" என்று எழுதியிருந்தாள்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. மூன்று தலைமுறையாக அந்த மலையில் உழைத்த குடும்பம் தலைக்கு மேலுள்ள கூரையைக் காப்பாற்ற எண்ணுவது தவறன்று. பதினெட்டு வயதுப் பையன் தன் கைக்கு ஒரு தொழில் தேடுவதும் தவறன்று. மருமகனை நான்கு நாள் பாலக்காட்டுக்கு அனுப்பும்படி எழுதினேன். வந்தவனிடம் அறிவுரை ஒன்றும் கூறாமல், என் வார விடுமுறை நாளில், "வாடா, ஒரு பழைய நிலையத்தைப் பார்த்துவிட்டு வருவோம்" என்று அழைத்துச் சென்றேன்.

முன்னாளில் ஒலவக்கோடு என வழங்கிய பாலக்காடு சந்திப்பில் காலையில் வண்டி ஏறினோம். ஒற்றப்பாலம், ஷொரணூர், பட்டாம்பி, குற்றிப்புரம், திரூர் என்று செல்லும் இப்பாதை 1861, 1862-ஆம் ஆண்டுகளில் இட்ட பாதையேயாகும். பாரதப்புழை நெடுந்தொலைவு உடன் வருகிறது. திரூர் கடந்ததும் தென்னந்தோப்புகளுக்கிடையே கடல்காற்று வீசத் தொடங்குகிறது. கடலுண்டி நிலையம் வந்தபோது மருமகனைச் சன்னலருகே அழைத்து, "பழைய பாதை இந்தப் பக்கமாகக் கடலை நோக்கித் திரும்பியது. நாம் செல்லும் பாதையோ நேராக பெரோக் சென்று, அங்குள்ள பாலத்தில் ஆற்றைக் கடக்கிறது. இந்தத் திருப்பத்தில்தான் ஓர் ஊரின் கதை இருக்கிறது" என்றேன். பெரோக்கில் இறங்கிப் பேருந்தில் ஆற்றின் தென்கரையாகிய சாலியத்தை அடைந்தோம்.

இங்கு ஒரு செய்தியைத் தெளிவாக்க வேண்டும். பேப்பூர் ஊர் ஆற்றின் வடகரையில் உள்ளது. அதன் பெயரைத் தாங்கிய ரயில் நிலையமோ தென்கரையில், சாலியத்தில் இருந்தது. இன்றும் பேப்பூர்க் கலங்கரை விளக்கம் என்று பெயர் பெற்ற விளக்கு நிற்பது சாலியத்தில்தான். இரண்டு கரையும் சேர்ந்ததே துறை. ஆற்றைக் கடக்க அன்றும் படகு, இன்றும் படகு. மனிதரும் மோட்டார் வண்டிகளும் ஒரே மிதவையில் ஏறிச் சில நிமிடங்களில் அக்கரை சேர்கின்றனர்.

இத்துறையின் வாணிகம் ரயிலினும் மிகப் பழமையானது. 1531-ஆம் ஆண்டில் போர்ச்சுகீசியர் சாலியத்தில் ஒரு கோட்டை கட்டினர். கோழிக்கோட்டுச் சாமூதிரியின் வாணிகக் கழுத்தில் வைத்த கத்திபோல அது இருந்தது. நாற்பதாண்டுகள் பொறுத்திருந்த சாமூதிரி, 1571-இல் அதனை முற்றுகையிட்டுக் கைப்பற்றி இடித்துத் தள்ளினார். பின்னர் மைசூர்த் திப்பு சுல்தான் காலத்தில் பேப்பூருக்குச் சுல்தான் பட்டணம் என்று பெயர் வந்தது, அப்பெயர் நிலைக்கவில்லை. அரசர் இட்ட பெயரைக் காட்டிலும் ஊரார் வழங்கிய பெயரே உறுதியானது போலும்!

துறை செழித்ததற்குக் காரணம் ஆறு. 169 கிலோமீட்டர் நீளமுள்ள சாலியாறு நிலம்பூர்க் காடுகளின் வழியே வருகிறது. நிலம்பூர்த் தேக்கு உலகறிந்த மரம். மலபார்க் கலெக்டராக இருந்த கனோலி 1840-களில் அங்குத் தேக்குத் தோட்டம் அமைக்க ஏற்பாடு செய்தார்; சாத்து மேனன் என்னும் அலுவலர் அப்பணியை நடத்தினார். வெட்டிய மரத்தை வண்டியில் ஏற்ற வேண்டுவதில்லை. ஆற்றில் தெப்பமாகக் கட்டி விட்டால், வெள்ளமே அதனைத் துறைக்குக் கொண்டுவந்து சேர்க்கும். மரத்தோடு மிளகு, இஞ்சி, தேங்காய், கயிறு ஆகியனவும் இங்கிருந்து கடல் கடந்தன.

நம் தமிழ்நாட்டுக்கும் இத்துறைக்கும் மற்றொரு தொடர்பு உண்டு. பரங்கிப்பேட்டையில் 1830-இல் ஹீத் என்னும் ஆங்கிலேயர் இரும்பாலை தொடங்கினார். அந்நிறுவனத்தார் பேப்பூரிலும் ஓர் ஆலை வைத்தனர். கரி வேண்டும்; கரிக்குக் காடு வேண்டும்; இரும்பை ஏற்றக் கடல் வேண்டும். இம்மூன்றும் இங்குக் கிடைக்கும் என்பது அவர்தம் கணக்கு. கணக்குச் சரியாகவே இருந்தும், ஆலை நீடிக்கவில்லை. இங்கிலாந்தில் நிலக்கரி கொண்டு மலிவாக உருக்கிய இரும்போடு, காட்டு விறகைக் கரியாக்கி உருக்கிய இரும்பு போட்டியிட இயலவில்லை.

பின்னர் வந்தது ரயில். மதராஸ் ரயில்வே கம்பெனியார் பெரிய நகரமாகிய கோழிக்கோட்டை விட்டுச் சாலியத்தில் பாதையை முடித்தது ஏன் என்று மருமகன் கேட்டான். பாதை தெற்கிலிருந்து கரையோரமாக வருகிறது. கோழிக்கோட்டை அடைய வேண்டுமானால் அகன்ற சாலியாற்றின் மேல் பாலம் கட்ட வேண்டும். தென்கரையிலேயே நிறுத்திவிட்டால் பாலச் செலவு இல்லை. அன்றியும் கோழிக்கோட்டில் கப்பல்கள் திறந்த கடலில் நிற்க வேண்டும். இங்கோ ஆற்றுமுகத்தில் சிறு கலங்களுக்குப் புகலிடம் உண்டு. ஆகவே பாதை இங்கு நின்றது. கோழிக்கோடு செல்வோர் இறங்கி, ஆற்றைப் படகில் கடந்து, எஞ்சிய வழியை வண்டியிலோ கால்நடையாகவோ சென்றனர்.

அந்த நாட்களில் இத்துறை எவ்வாறு இருந்திருக்கும் என்பதைச் சரக்கு அலுவலகத்தில் வேலை செய்யும் என் போன்றோர் எளிதில் மனக்கண்ணால் காணலாம். ரயில் வந்து நிற்கும் இடத்தில் சரக்குக் கொட்டகை எழும். கொட்டகை எழுந்தால் சுமைகூலியாட்கள் வருவர். அவர்களுக்குச் சோற்றுக்கடை வரும். படகோட்டிக்குக் கைநிறைய வேலை இருக்கும். வண்டிக்காரன் மாட்டை அவிழ்க்க நேரமிராது. ரயில் ஒன்று நின்றால் அதன் நிழலில் நூறு அடுப்பு எரியும்.

ஆனால் அந்நிழல் நகரக்கூடியது. 1888 ஜனவரி 2 அன்று பாதை கோழிக்கோடு வரை நீண்டது. கடலுண்டியிலிருந்து புதுப்பாதை பெரோக் வழியே ஆற்றைக் கடந்தது. இருபத்தேழு ஆண்டுகள் தென்னாட்டு ரயில்வேயின் மேற்கு எல்லையாக விளங்கிய துறை, ஒரே நாளில் வழியிலிருந்து விலகிய ஊராயிற்று. இதில் எவருடைய பகைமையும் இல்லை. நகரத்துக்கு ரயில் வேண்டும் என்பது நியாயமே. எனினும், படகுத்துறையில் காத்திருந்த படகோட்டியை எவரும் கேட்டுவிட்டுப் பாலம் கட்டவில்லை.

அதன்பின் மேலும் இரண்டு அடிகள் விழுந்தன. 1902-இல் ஷொரணூரிலிருந்து கொச்சிக்கு ரயில் சென்றது. பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ 1920-இல் கொச்சிக்கு வந்து, துறைமுக வாயிலை அடைத்திருந்த மணல்திட்டை வெட்டிக் கால்வாய் அமைத்தார். 1928-இல் பெருங்கப்பல் உள்ளே நுழைந்தது. மழைக்காலத்திலும் கப்பல் நிற்கும் துறை ஒன்று அருகில் உருவானபின், தென்மேற்குப் பருவமழையில் கதவடைக்கும் சிறு துறைகளை வாணிகர் நாடுவரோ? மலபார்க் கரையின் சிறு துறைகள் பலவும் இவ்வாறே ஒடுங்கின.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய கதையன்று. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையாகிய கார்ன்வாலில் சார்ல்ஸ்டவுன் என்னும் சிறு துறை ஊர் உள்ளது. சார்ல்ஸ் ராஷ்லீ என்பவர் 1790-களில் அதனைக் கட்டினார். சுரங்கங்களின் செம்புத்தாது முதலிலும், பீங்கான் செய்யும் வெண்களிமண் பின்னரும் அங்கிருந்து கப்பலேறின. கப்பல்கள் பெரிதாயின, துறையின் வாயிலோ சிறிதாகவே இருந்தது, களிமண் அண்டையிலுள்ள வேறு துறைகளுக்குச் சென்றது. இன்று அங்குச் சுற்றுலாப் பயணிகளும் திரைப்படம் எடுப்போருமே வருகின்றனர். துறையை ஆக்குவதும் சரக்கு, அழிப்பதும் சரக்கு.

சாலியத்தில் நாங்கள் தண்டவாளத்தைத் தேடினோம். இல்லை. வனத்துறையின் மரக்கிடங்கு உண்டு, தென்னை உண்டு, கடலுக்குள் நீண்டு செல்லும் அலைதடுப்புக் கற்சுவர் உண்டு. மருமகன் சற்று ஏமாற்றமடைந்தான். "இதைப் பார்க்கவா மாமா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்றான். "பொறு, அக்கரையும் இருக்கிறது" என்றேன். படகேறிப் பேப்பூர் சேர்ந்தோம்.

அங்கே ஆற்றோரக் கொட்டகையில் ஓர் உரு நின்றது. மரத்தால் செய்யும் பெருங்கலத்துக்கு இப்பெயர். தூத்துக்குடித் தோணியைப் பார்த்தவர்களுக்கு இதன் உருவம் ஓரளவு விளங்கும். ஆனால் இது பன்மடங்கு பெரிது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் ஈரடுக்கு மாளிகையின் அடியில் நிற்பதுபோல் இருக்கிறது. அரபு நாட்டு வாணிகர் பன்னூற்றாண்டுகளாக இங்கு வந்து கலம் செய்வித்துக் கொண்டுபோயினர். இன்றும் வளைகுடா நாடுகளிலிருந்தே ஆணை வருகிறது. தலைமைத் தச்சர் கலத்தின் அளவுகளை மனத்தில் வைத்து வேலை வாங்குகிறார். காகித வரைபடம் இல்லை. பலகைகளின் இடுக்கில் பஞ்சுத்திரி அடைத்து நீர் புகாமல் செய்கின்றனர்.

கலத்தைச் செய்பவர் தச்சர். அதனை நீரில் இறக்குபவர் கலாசிகள். இவர்கள் மாப்பிள முஸ்லிம் சமூகத்தினர். இவர்களின் குழுத் தலைவரை மூப்பன் என்பர். பாரந்தூக்கி இயந்திரம் இல்லாமல், உருளைக்கட்டை, கப்பி, வடம் ஆகியவற்றைக் கொண்டு, ஒருவர் பாட்டெடுக்க மற்றவர் ஏற்றுப்பாடி, ஒரே மூச்சில் இழுத்து அப்பெரும்பாரத்தை அங்குலம் அங்குலமாக நகர்த்துகின்றனர். நம் கல்பாத்தித் தேருக்கு வடம் பிடித்தவர்களுக்கு இதன் நுட்பம் ஓரளவு புரியும். பலம் மட்டும் போதாது; பின்னால் கட்டை போடுபவனுக்கும் முன்னால் வடம் பிடிப்பவனுக்கும் ஒரே கணக்கு இருக்க வேண்டும்.

கலாசி என்னும் சொல் ரயில்வே குடும்பங்களுக்குப் புதிதன்று. பணிமனையிலும் பாதையிலும் உடலுழைப்புச் செய்யும் ஊழியருக்கு அதுவே நீண்டகாலம் பணிப்பெயராக இருந்தது. கப்பலில் கயிறும் பாயும் கையாண்ட மாலுமியின் பெயர், ரயில் வந்தபோது அதற்கும் வந்து ஒட்டிக்கொண்டது. இத்துறையை ரயில் கைவிட்டது. துறையின் சொல்லையோ தன்னோடு கொண்டு சென்றுவிட்டது!

அச்சொல்லுக்கு உரியவர்கள் ரயிலுக்குச் செய்த உதவி ஒன்றை மறத்தலாகாது. 1988 ஜூலை 8 அன்று கொல்லம் அருகே பெருமணில், பெங்களூரிலிருந்து கன்னியாகுமரி நோக்கிச் சென்ற ஐலண்ட் எக்ஸ்பிரஸ் பாலத்திலிருந்து அஷ்டமுடிக் காயலில் விழுந்தது. 105 பேர் மாண்டனர். நீரில் மூழ்கிய பெட்டிகளை வெளியே எடுக்க மலபாரிலிருந்து கலாசிகளை வரவழைத்தனர். அவர்கள் தம் கப்பியும் வடமும் கொண்டு வந்து பெட்டிகளைக் கரைக்கு இழுத்தனர். நூறாண்டுக்கு முன் எந்தத் துறையை ரயில் விட்டுச் சென்றதோ, அத்துறையின் கைகளே ரயிலுக்கு உதவ வந்தன.

கொட்டகையின் ஓரத்தில் வயது முதிர்ந்த கலாசி ஒருவர் அமர்ந்திருந்தார். என் மலையாளத்தில் பேச்சுக் கொடுத்தேன். பெருமணுக்குச் சென்றோரில் சிலரை அவர் அறிவார். தாம் செல்லவில்லை என்றார். மருமகன் தயங்கித் தயங்கி, "இந்த வேலையைக் கற்க எத்தனை காலம் ஆகும்?" என்று கேட்டான்.

"மோனே, பத்து வயதில் கயிறு சுருட்ட வந்தேன். வடத்தின் நுனியை என்னிடம் நம்பிக் கொடுத்தபோது எனக்கு இருபது வயது" என்றார்.

"உங்கள் பிள்ளைகளும் இங்கேதான் இருக்கிறார்களா?"

அவர் சிரித்தார். "இங்கே வேலை எல்லா மாதமும் இல்லை. நல்ல தேக்குக்கு விலை ஏறிவிட்டது. ஓர் உரு முடிந்தால் அடுத்தது எப்போது என்று படைத்தவனுக்குத்தான் தெரியும். மூத்தவன் வளைகுடாவில் ஒரு கப்பல் பட்டறையில் இருக்கிறான். இளையவன் பாலம் கட்டும் ஒப்பந்தக்காரரிடம் பெரிய பாரம் தூக்கும் வேலைக்குப் போகிறான். கயிறு அதேதான், மோனே. இழுக்கும் பொருள்தான் வேறு."

திரும்பும் வண்டியில் மருமகன் நெடுநேரம் பேசவில்லை. ஷொரணூர் வந்தபின், "மாமா, எங்கள் டாப் ஸ்டேஷனும் இதுபோலத்தானே?" என்றான். நான் எண்ணாததை அவன் எண்ணியிருந்தான்.

மூணாறுப் பக்கத்துக் குடும்பங்களுக்கு டாப் ஸ்டேஷனைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஏனையோருக்காகச் சுருக்கமாகக் கூறுகிறேன். 1902-இல் மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கின் வழியே ஒற்றைத் தண்டவாளம் ஒன்று போட்டு, மாடுகளைக் கொண்டு வண்டி இழுத்தனர். 1908-இல் அது இரண்டடி அகலச் சிறுரயிலாக மாறியது. மாட்டுப்பெட்டி, பாலாறு வழியாக ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் தமிழ்நாட்டு எல்லையில் அது சென்று முடிந்த இடமே டாப் ஸ்டேஷன். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு கீழே கொட்டகுடிக்கு இறங்கின. பின்னர் மாட்டுவண்டியில் போடிநாயக்கனூர் சென்றன. கடலே தெரியாத மலைமுடியில் அது ஒரு துறைமுகம் எனலாம். பெட்டிகள் கப்பலில் இறங்குவதற்கு மாறாகக் காற்றில் இறங்கின, அவ்வளவே வேறுபாடு.

1924 ஜூலையில், மலையாள ஆண்டு 1099-இல், கேரளத்தை அழித்த பெருவெள்ளம் வந்தது. அந்த ரயிலை அது சிதைத்தது. மீண்டும் பாதை இடவில்லை. விதியின் விளையாட்டைப் பாருங்கள்: மலையின் கீழே போடிநாயக்கனூருக்கு மதுரையிலிருந்து ரயில் வந்தது 1928-இல்! மேலே தண்டவாளம் இருந்தபோது கீழே இல்லை. கீழே வந்தபோது மேலே இல்லை. அந்தப் போடிப் பாதையும் அமைதியாக வாழவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்தனர். போருக்குப் பின் மீண்டும் இட்டனர். அகலப் பாதையாக்குவதற்காக 2010 இறுதியில் நிறுத்தினர். 2023 ஜூன் 15 முதல் மீண்டும் போடிக்குப் பயணிகள் ரயில் வருகிறது.

பேப்பூரையும் டாப் ஸ்டேஷனையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு புலப்படும். டாப் ஸ்டேஷன் என்னும் பெயரே ரயில் இட்ட பெயர். ரயில் போனபின் அங்கு எஞ்சியது பெயரும், பனி மூடிய பள்ளத்தாக்கின் அழகும்தான். அவ்வழகைக் காண இன்று பிறர் வருகின்றனர். பேப்பூரிலோ ரயில் தராத ஒன்று, ரயில் வருவதற்கு முன்பே இருந்தது. அது கலம் செய்யும் கையும், பாரம் நகர்த்தும் கையும். ரயில் தந்ததை ரயில் எடுத்துச் சென்றது. ஊர் தானாக வைத்திருந்ததை எவராலும் எடுத்துச் செல்ல இயலவில்லை. ஆயினும் அக்கைக்கும் வேலை வேண்டும். வேலை ஊரில் குறைந்தபோது, கை வேலையைத் தேடிச் சென்றது. முதியவர் கூறியது இதுவே.

"அப்படியானால் அம்மாவின் வீடு?" என்று மருமகன் கேட்டான்.

இந்த வினாவிற்கு என்னிடம் நல்ல விடை இருந்ததென்று கூறமாட்டேன். கைத்தொழில் கூரையாகாது, பசித்த வேளையில் வரலாறு சோறு போடாது. ஆனால் தோட்டத்தில் பெயர் பதிந்தால் நிற்கும் வீடும், அவன் வேலை செய்யும் வரை நிற்கும் வீடுதானே? முப்பதாண்டு கழித்து அவன் தன் மகனிடம் இதே வினாவைத் தூக்கிக் கொடுக்க வேண்டியிருக்கும். இதை எண்ணிய போதுதான் எனக்கும் ஒன்று உறைத்தது. நான் குடியிருப்பதும் ரயில்வே குடியிருப்பு. ஓய்வு பெறும் நாளில் நானும் சாவியை ஒப்படைக்க வேண்டியவனே. லயத்தில் இருப்பவளுக்குக் குடியிருப்பில் இருப்பவன் புத்தி சொல்லப் புறப்பட்டிருந்தேன்!

அன்றிரவு என் மனைவியோடு கலந்து பேசினேன். மறுநாள் அக்காளுக்கு எழுதினேன்: "அக்கா, பையனைத் தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்த்துவிடு. உன் ஓய்வுக்கு இன்னும் இரண்டு ஆண்டு இருக்கிறது. அதற்குள் அவன் கையில் தொழில் வந்துவிடும். உன் பணிக்கொடையைத் தொடாமல் வை. நானும் என் சேமிப்பில் ஒரு பங்கு தருகிறேன். தேனிப் பக்கமோ பாலக்காட்டுப் பக்கமோ, இரண்டு குடும்பத்துக்குமாக இரண்டு சென்ட் நிலமேனும் பார்ப்போம். அதுவரை இடம் வேண்டுமானால் இங்கே ஓர் அறை உனக்கு உண்டு." அக்காளிடமிருந்து பதில் வரப் பத்து நாளாயிற்று. அதில் ஒரு வரிதான் இருந்தது: "நீயும் உன் பெண்டாட்டியும் சேர்ந்து எடுத்த முடிவானால் எனக்குச் சம்மதம்."

மருமகன் வெல்டிங் வகுப்பில் சேர்ந்துவிட்டான். நாங்கள் செய்தது சரியா, தவறா என்பதை இரண்டு ஆண்டு கழித்தே கூற முடியும். அப்போது இப்பகுதி நடந்துகொண்டிருந்தால், மறைக்காமல் எழுதுகிறேன்.

பிழைப்புக்காகப் பிறந்த ஊரை விட்டு வந்தவர்கள் நாம். ஒரு தோட்டமோ, ஓர் ஆலையோ, ஒரு ரயில் நிலையமோ நமக்கு அடுப்பெரிய வழி செய்தது. அந்த நன்றியை மறக்க வேண்டுவதில்லை. ஆனால் அந்நிழல் நகரக்கூடியது என்பதையும் பிள்ளைகளுக்கு மறைக்க வேண்டுவதில்லை. ஒவ்வொரு வீட்டாரும் ஒருநாள் மாலை அமர்ந்து, "இந்தக் கம்பெனி தந்தது எது? நமக்கென்று நாம் வைத்திருப்பது எது?" என்று கணக்கெழுதிப் பார்ப்பது நலம். இரண்டாவது பத்தி வெறுமையாக இருந்தால் அஞ்ச வேண்டாம். அதில் முதல் வரியை எழுதுவதற்கு இன்றும் நேரம் இருக்கிறது.

பேப்பூர் சென்றுவர விரும்பும் அன்பர்கள் பெரோக் நிலையத்தில் இறங்குக. தண்டவாளத்தைத் தேடி நேரத்தை வீணாக்காமல் படகேறுக. பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்க. அஞ்சலட்டை எழுதிய அன்பருக்கு என் நன்றி. அவருடைய வினா எங்கள் வீட்டு வினாவொன்றுக்கும் விடை தேட உதவியது.